பின் பெஞ்சுல உக்காந்திருக்கிற நம்ம ஜனங்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவுல எபிஸ்கோபல் கோவில்களுக்கு (ஆங்கிலிக்கன் சபையோட அமெரிக்கக் கிளை) வாராவாரம் வந்துட்டுப் போற நம்ம சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) தமிழ்க் குடும்பங்களுக்கு, அண்ணன், அக்கா, தம்பி, தங்கச்சி எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

எங்க கோவிலுக்கு வர்றவங்களுக்கு என்னைத் தெரியும். மத்தவங்களுக்குச் சொல்லிடுறேன், நியூஜெர்சில பதினாலு வருஷமா ஒரே எபிஸ்கோபல் கோவிலுக்குப் போறேன், அதுல முதல் ஒம்போது வருஷம் உங்கள மாதிரியே பின்னாலருந்து மூணாவது பெஞ்சுல உக்காந்து, பாட்டுப் பாடி, திருவிருந்து வாங்கிட்டு, காஃபி ஹவர்ல ஒரு டோனட்ட எடுத்துக்கிட்டு, பார்க்கிங் லாட்ல நின்னு கொஞ்ச நேரம் தமிழ்ல பேசிட்டு வீட்டுக்கு வந்தவதான். இப்ப வெஸ்ட்ரில, அதான் கோவில் நிர்வாகக் கமிட்டில, மூணாவது வருஷம். ஜனவரி கடைசில ஆனுவல் மீட்டிங், அன்னிக்கோட என் டேர்ம் முடியுது. நாமினேட்டிங் கமிட்டி ஆள் தேடிட்டு இருக்காங்க, நம்மள்ல யார்கிட்டப் போய்க் கேட்டாலும் "ஐயோ நமக்கு எதுக்குங்க அதெல்லாம், வேற யாரையாவது பாருங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே நழுவிடுறீங்க. ஒவ்வொருத்தர் கையப் புடிச்சுக் கேக்கறதுக்குப் பதிலா எல்லாருக்கும் சேத்து எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

முதல்ல நம்ம கோவில்லயே நடந்த ஒண்ணச் சொல்றேன். சில வருஷம் முன்னாடி எட்டு மணி சர்வீஸையும் பத்தரை மணி சர்வீஸையும் சேத்து ஒம்போதரைக்கு ஒரே சர்வீஸ்னு ஆக்கினாங்க. ஆள் குறைஞ்சுபோச்சு, ரெண்டு சர்வீஸ் நடத்த ஆர்கனிஸ்ட்டுக்கும் கஷ்டம், காரணமெல்லாம் நியாயமான காரணம்தான். அப்ப இருந்த ரெக்டர், அதாவது சபையோட தலைமைக் குரு, வெஸ்ட்ரிகிட்ட அபிப்பிராயம் கேட்டார், வெஸ்ட்ரில எல்லாரும் சரின்னாங்க. ஆனா நம்ம ஜனங்கள்ல எத்தன பேர் நர்ஸ் வேலை பாக்குறாங்க, நைட் டியூட்டி முடிச்சு ஏழரைக்கு ஹாஸ்பிட்டல்லருந்து கிளம்பி, வீட்டுக்கு வந்து குளிச்சு, பிள்ளைங்கள எழுப்பி ட்ரெஸ் மாத்திக் கூட்டிட்டு வரணும், பத்தரைன்னா எப்படியாவது ஓடி வந்துடுவாங்க, ஒம்போதரைன்னா எங்க வர்றது? அன்னிக்கு வெஸ்ட்ரில நைட் டியூட்டி பாக்குற வீட்டுலருந்து ஒருத்தர்கூட கிடையாது. யாரும் கெட்ட எண்ணத்துல பண்ணல, அவங்களுக்குத் தெரியல, அவ்வளவுதான். நாம என்ன பண்ணோம்? பார்க்கிங் லாட்ல நின்னு மாசக்கணக்கா முணுமுணுத்தோம். அந்த வருஷ ஆனுவல் மீட்டிங்குல "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா"ன்னு கேட்டப்ப அந்த ஹால்ல நம்ம ஆளு ஒருத்தர் இல்ல, ஒரு வீட்டுல பிறந்தநாள் பிரியாணின்னு எல்லாரும் கிளம்பிட்டோம். நானும்தான் கிளம்பினேன்.

அப்புறம் நான் வெஸ்ட்ரிக்கு வந்த ரெண்டாவது வருஷம் இதை எடுத்துச் சொன்னேன். பேசினது ரெண்டு நிமிஷம் இருக்கும். எனக்கு முன்னாடி உக்காந்திருந்த ரிட்டயர்டு ஸ்கூல் டீச்சர் ஒருத்தங்க பேனாவ கீழ வச்சுட்டு "இத்தன வருஷமா இதை யாரும் எங்ககிட்டச் சொல்லலியே"ன்னாங்க, உண்மையாவே வருத்தப்பட்டாங்க. அடுத்த மாசமே புது ரெக்டரம்மா சர்வீஸ பத்து மணிக்கு மாத்திட்டாங்க. ஆனா அதுக்குள்ள நம்ம குடும்பம் ரெண்டு வேற சபைக்குப் போயிடுச்சு, இன்னும் திரும்பி வரல. அது எனக்கு இப்பவும் உறுத்துது, ரெண்டு நிமிஷப் பேச்சு, அதை மூணு வருஷம் முன்னாடியே பேசியிருக்கலாம்.

வெஸ்ட்ரின்னா என்னன்னு சில பேருக்கு இன்னும் சரியாத் தெரியல. நம்ம ஊர் சேகரக் கமிட்டி மாதிரின்னு வச்சுக்கலாம், ஆனா பொறுப்பு அதைவிடப் பெருசு. சபையோட சொத்து விஷயத்துலயும் சபைக்கும் குருமாருக்கும் உள்ள உறவு விஷயத்துலயும் சட்டப்படி சபையோட பிரதிநிதி வெஸ்ட்ரிதான், கேனன்லயே, அதாவது சபைச் சட்டத்துலயே, அப்படித்தான் எழுதியிருக்கு. நம்ம ஊர்ல பிஷப் ட்ரான்ஸ்ஃபர் ஆர்டர் போட்டா ஐயர் (பாதிரியாரத்தான் அப்படிச் சொல்வோம்) பெட்டியக் கட்டிட்டு அடுத்த சேகரத்துக்குக் கிளம்பணும். இங்க ரெக்டர் போயிட்டா வெஸ்ட்ரி ஒரு சர்ச் கமிட்டி போடும், சர்ச்னா தேடுற கமிட்டி, சபை எப்படிப்பட்டதுன்னு ப்ரொஃபைல் எழுதும், இன்டர்வியூ பண்ணும், பிஷப்போட கலந்து பேசி ஒருத்தர அழைக்கும். அதாவது உங்க பிள்ளைக்கு யார் ஞானஸ்நானம் கொடுக்கப் போறாங்க, உங்கப்பா அம்மாவ யார் அடக்கம் பண்ணப் போறாங்கங்கறத முடிவு பண்றது வெஸ்ட்ரி. என்ன பாட்டுப் பாடணும், ஆராதனை எப்படி நடக்கணும்ங்கறதெல்லாம் ரெக்டரோட அதிகாரம், அதுல தலையிடக்கூடாது, வர்ற புது ஆளுங்க முதல்ல தப்பு பண்றது இங்கதான்.

எபிஸ்கோபல்னாலே பிஷப்மார் நடத்துற சபைன்னுதான் அர்த்தம், பேருலயே பிஷப் இருக்காரே, அப்புறம் எப்படி சபையாருக்கு இவ்ளோ அதிகாரம்னு எனக்கும் சந்தேகம் இருந்துச்சு. விஷயம் என்னன்னா இந்த நாட்டுல ஆங்கிலிக்கன் ஆராதனை 1607-ல ஜேம்ஸ்டவுன்லயே ஆரம்பிச்சாச்சு, ஆனா முதல் பிஷப் சாமுவேல் சீபரி அபிஷேகம் ஆனது 1784 நவம்பர்ல, அதுவும் ஸ்காட்லாந்துக்குப் போய். நடுவுல கிட்டத்தட்ட நூத்தி எழுபத்தேழு வருஷம் பிஷப்பே கிடையாது, குருமாரும் குறைச்சல். கோவிலக் கட்டினது, பாதிரியாரத் தேடிப் புடிச்சது, சம்பளம் கொடுத்தது, ஏழைங்களப் பாத்துக்கிட்டது எல்லாம் வெஸ்ட்ரில இருந்த விவசாயியும் வியாபாரியும்தான். ஜார்ஜ் வாஷிங்டன்கூட வர்ஜீனியாவுல ஒரு சபைல வெஸ்ட்ரி மெம்பரா இருந்தவர். (அடிமைகள வச்சுக்கிட்டு இருந்தவங்கதான் அதுல பல பேர், அதையும் மறைக்க வேண்டாம்.) 1785-ல பிலடெல்பியாவுல முதல் ஜெனரல் கன்வென்ஷன், அதாவது மொத்த எபிஸ்கோபல் சபைக்குமான பொதுக்கூட்டம், கூடினப்ப குருமாரும் சபையாரும் ஒண்ணா உக்காந்தாங்க, பிஷப் ஒருத்தர்கூட அங்க இல்ல. இன்னிக்கும் மூணு வருஷத்துக்கு ஒரு தடவை கன்வென்ஷன் கூடுது, அதுல குருமாரும் சபையாரும் உக்கார்ற ஹவுஸ் ஆஃப் டெப்யூட்டீஸ்ல ஒவ்வொரு டயோசிஸ்லருந்தும் (ஒரு பிஷப்புக்குக் கீழ இருக்கிற சபைகள்) நாலு குருமார், நாலு சபையார் வரைக்கும் போகலாம், 2022-ல அதுக்கு பிரசிடென்ட்டா வந்த ஜூலியா அயாலா ஹாரிஸ் குருப்பட்டம் வாங்காத சாதாரண சபை அங்கத்தினர், லத்தீனோ சமூகத்துப் பொண்ணு.

இதப் படிக்கிறப்ப எனக்கு உடனே ஞாபகம் வந்தது நம்ம பாளையங்கோட்டை. அதே 1785-லதான் அங்க குளோரிந்தா அம்மா கட்டின கோவில் பிரதிஷ்டை ஆச்சு, இன்னிக்கும் ஜனங்க பாப்பாத்தியம்மா கோவில்னுதான் சொல்றாங்க. அந்தம்மா ஒரு பிராமண விதவை, 1778-ல ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர்கிட்ட ஞானஸ்நானம் வாங்கினவங்க. 1780-ல எழுதின சபை ரெஜிஸ்டர்ல மொத்தமே நாப்பது பேரு, அதுல முதல் பேரு அவங்களோடது. சுவார்ட்ஸ் இருந்தது தஞ்சாவூர்ல, எப்பவாவதுதான் வருவார், அப்ப சபைய யார் நடத்தினா? அந்தம்மாவும் குருப்பட்டம் இல்லாத உபதேசியார்மாரும்தான். அங்க ஊழியம் பண்ணின சத்தியநாதன் ஐயருக்கே 1790-லதான் குருப்பட்டம், அதுவரைக்கும் அவரும் உபதேசியார். இங்க பிஷப் இல்லாம இவங்க நடத்தினாங்க, அங்க ஐயர் இல்லாம நாம நடத்தினோம், ரெண்டும் ஒரே காலம். அந்த அம்மாவோட பேத்தி கொள்ளுப்பேத்தி மாதிரி வளந்த நாம இங்க வந்து பின் பெஞ்சுல ஒதுங்கி உக்காந்திருக்கோம்.

இன்னொருத்தரப் பத்தியும் சொல்லணும். அப்சலோம் ஜோன்ஸ், அடிமையாப் பொறந்தவர், பிலடெல்பியாவுல கறுப்பின ஜனங்களுக்காக செயின்ட் தாமஸ் சபைய ஆரம்பிச்சவர், பின்னாடி எபிஸ்கோபல் சபைல முதல் கறுப்பின குருவானவர். 1794-ல அந்தச் சபைய டயோசிஸ்ல சேத்துக்கிட்டாங்க, ஆனா ஒரு கண்டிஷன், டயோசிஸ் கன்வென்ஷன்ல அவங்களுக்கு ஓட்டும் கிடையாது, பேச்சும் கிடையாது. வா, கும்புடு, காணிக்கை போடு, ஆனா நிர்வாகத்துப் பக்கம் வராதேன்னு. அந்தக் கதவத் திறக்க அவங்க பல தலைமுறை பாடுபட்டாங்க. பொம்பளைங்களுக்கும் அதே கதைதான், ஜெனரல் கன்வென்ஷன்ல டெப்யூட்டியா உக்கார விதிய மாத்தினது 1967-ல, போய் உக்காந்தது 1970-ல. நமக்கு யாரும் கதவச் சாத்தல, திறந்துதான் கிடக்கு. நாமளா வெளில நிக்கிறோம்.

சரி, நான் எப்படி உள்ள வந்தேன்னு கேட்டீங்கன்னா, ஓட்டு வாங்கியெல்லாம் இல்ல, இஸ்திரிப் பெட்டியாலதான். ஆல்ட்டர் கில்டுல (திருவிருந்துத் துணி, பாத்திரமெல்லாம் பாத்துக்கற குழு) இருந்த எழுபது வயசு அம்மா ஒருத்தங்க ஒரு நாள் என்கிட்ட "சனிக்கிழமை ஒரு மணி நேரம் வருவியா, எனக்குக் கை நடுங்குது"ன்னாங்க. போனேன். திருவிருந்துப் பாத்திரத்தத் துடைக்கிற லினன் துணி, அதுல திராட்சரசக் கறையும் லிப்ஸ்டிக் கறையும் இருக்கும், அத முதல்ல தண்ணில அலசணும், அந்தத் தண்ணிய சாக்கடைல விடக்கூடாது, சாக்ரிஸ்டில, அதான் அந்தப் பாத்திரமெல்லாம் வைக்கிற ரூம்ல, அதுக்குன்னே ஒரு தொட்டி இருக்கு, அதோட குழாய் நேரா மண்ணுக்குள்ள போகுது. அப்புறம் ஈரம் இருக்கும்போதே தேய்க்கணும், பாத்திரத்துக்கு அடில விரிக்கிற சதுரத் துணிய மூணா மடிச்சு, மறுபடி மூணா மடிக்கணும், விரிச்சா ஒம்போது கட்டம் தெரியும், அப்பம் ஒரு துண்டு உதிர்ந்தாலும் அந்தத் துணிக்குள்ளயே நிக்கும். அந்தம்மா என் கையப் புடிச்சு மடிப்பு காட்டிக் கொடுத்தாங்க. எங்கம்மா சனிக்கிழமை சாயங்காலம் கோவில் பித்தளைச் சிலுவையப் புளி போட்டுத் தேச்சு, சாம்பல் போட்டுத் துலக்கி, முந்தானையால துடைச்சு வெளிச்சத்துல தூக்கிப் பாப்பாங்க. அதே வேலைதான். ஒம்போது வருஷமா அது என் கோவில்னு வாயால சொல்லிட்டு இருந்தேன், அந்த சாக்ரிஸ்டி சாவி என் கைக்கு வந்த அன்னிக்குத்தான் அப்படித் தோணுச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு அந்தம்மாதான் என் பேர வெஸ்ட்ரிக்கு எழுதிக் கொடுத்தாங்க.

நீங்க தயங்குறதுக்கு முதல் காரணம் எனக்குத் தெரியும், நம்ம ஊர் சர்ச் எலெக்‌ஷன். நான் வளந்த சபைல ஒரு எலெக்‌ஷன் அப்ப எங்க சித்தப்பாவும் பெரியப்பாவும் எதிர் எதிர் டீம், நோட்டீஸ் அடிச்சு, ஜீப் வச்சு, கோவில் வாசல்ல போலீஸ் நின்னுச்சு, கோர்ட்டு கேஸ்னு ஆச்சு, அதுக்கப்புறம் ரெண்டு வீடும் ஒரு கல்யாணத்துலகூட ஒண்ணா உக்காரல. அதப் பாத்து வளந்தவளுக்கு கமிட்டின்னாலே வயித்தக் கலக்கும். ஆனா இங்க அப்படியில்ல. மூணு இடத்துக்கு மூணு பேரு நிக்கறதே பெரும்பாடு, அந்த மூணாவது ஆளக் கெஞ்சிக் கூட்டிட்டு வரணும். சண்டையே இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன், கூரை ரிப்பேரா யூத் மினிஸ்டரான்னு வந்தப்ப ஒரு நாள் ராத்திரி பத்தரை வரைக்கும் பேசினோம், ஒருத்தர் கண்ணு கலங்கி எழுந்து வெளில போனார். ஆனா அடுத்த ஞாயிறு அவரே எனக்கு சமாதானம் சொல்லிக் கை கொடுத்தார். ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன், கையெடுத்துக் கும்புட்டுக் கேட்டுக்கறேன், வர்றவங்க நம்ம ஊர் சாதியையும் ஊர்க்கட்சியையும் இங்க தூக்கிட்டு வராதீங்க. நாடு விட்டு நாடு வந்தும் அத விடலன்னா அப்புறம் நாம வராமலே இருக்கலாம்.

ரெண்டாவது இங்கிலீஷ். "மீட்டிங்குல அவங்க வேகமாப் பேசுவாங்க, எனக்கு அந்த ஸ்டைல் வராது"ன்னு ஒரு அண்ணன் சொன்னார், அந்த அண்ணன் ஆஃபீஸ்ல முப்பது பேர் டீம மேய்க்கிறவர்! ஆஃபீஸ்ல வர்ற இங்கிலீஷ் கோவில்ல வராதா? வெஸ்ட்ரில பாதி நேரம் பேசறது பாய்லர், இன்சூரன்ஸ், ஸ்னோ கான்ட்ராக்ட், பட்ஜெட். ரெக்டர் சம்பளத்துக்கு மேல 18 சதவீதம் சர்ச் பென்ஷன் ஃபண்டுக்குக் கட்டணும், வருஷா வருஷம் ஆடிட் பண்ணணும், மார்ச் 1-க்குள்ள பரோக்கியல் ரிப்போர்ட், அதாவது சபையோட வருஷக் கணக்கு அறிக்கை, போகணும். இதுல நம்ம ஆளுங்களுக்குத் தெரியாதது என்ன இருக்கு, நம்ம கூட்டத்துல அக்கவுன்டன்ட் எத்தன பேர், சிவில் இன்ஜினியர் எத்தன பேர்! போன குளிர்ல பாய்லர் நின்னப்ப வந்த கொட்டேஷனப் படிச்சுச் சொல்ல ஆளில்லாம நாங்க முழிச்சுக்கிட்டு இருந்தோம், நாலாவது பெஞ்சுல ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியர் தம்பி உக்காந்து ஃபோனப் பாத்துட்டு இருந்துச்சு. தம்பி, இது உனக்குத்தான்.

நேரம் இல்லங்கறது மட்டும் உண்மையான காரணம், அதுக்கு என்கிட்ட பதில் கிடையாது. மாசம் ஒரு மீட்டிங், ரெண்டரை மணி நேரம், அதுபோக மெயில், அதுபோக திடீர் திடீர்னு ஏதாவது. கைக்குழந்தை வச்சிருக்கிறவங்க, ரெண்டு வேலை பாக்குறவங்க இப்ப வர வேண்டாம், உங்க காலம் வரும். சாயங்காலம் தமிழ் ஃபெலோஷிப் இருக்கே, அங்க ஊழியம் பண்றோமேன்னு சில பேர் சொல்றீங்க, நல்லது, பண்ணுங்க. ஆனா உங்க பிள்ளைங்க அங்க வந்து ஃபோனத்தான பாத்துட்டு உக்காந்திருக்கு, காலைல அக்கோலைட்டா மெழுகுவத்தி தூக்குறது இங்கதான், அதுங்களுக்குக் கோவில்னா இதுதான். அப்பா அம்மா இந்தக் கோவில்ல விருந்தாளியாவே இருந்தா அதுங்க என்னன்னு நினைக்கும்?

எடுத்த எடுப்புலயே வெஸ்ட்ரி வேண்டாம்னா வேற எவ்வளவோ இருக்கு. வேதபாடம் வாசிக்கலாம், திருவிருந்துல ரசப் பாத்திரம் கொடுக்கலாம், நோயாளிங்க வீட்டுக்குத் திருவிருந்து கொண்டுபோகலாம், கடைசி ரெண்டுக்கும் ட்ரெயினிங் முடிச்சு பிஷப்கிட்ட லைசென்ஸ் வாங்கணும். பிள்ளைங்க பக்கம் போற எந்த வேலையா இருந்தாலும் பேக்கிரவுண்டு செக்கும் சேஃப் சர்ச் ட்ரெயினிங்கும் உண்டு, என்ன சந்தேகப்படுறாங்களான்னு கோவிச்சுக்காதீங்க, பிஷப் வீட்டுப் பையனுக்கும் அதே ரூல்தான். அதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க, ஆஃபீஸ்ல போய் உங்க பேரு ரெஜிஸ்டர்ல இருக்கான்னு பாருங்க. பத்து வருஷமா வர்றீங்க, காணிக்கை போடுறீங்க, ஆனா மெம்பரே இல்ல, ஊர்ல இருந்து லெட்டர் வாங்கிக் கொடுக்கவே இல்ல, இந்த மாதிரி நம்மள்ல எத்தன வீடுன்னு எனக்குத் தெரியும். சிஎஸ்ஐ ஆங்கிலிக்கன் கம்யூனியன்ல ஒரு அங்கம், ஊர்ல பிஷப் கை வச்சுத் திடப்படுத்தல் எடுத்திருந்தா இங்க மறுபடி எடுக்கத் தேவையில்ல. பதினாறு வயசு ஆயிருந்து, வருஷத்துல மூணு தடவையாவது திருவிருந்து எடுத்திருந்தா உங்கள அடல்ட் கம்யூனிகன்ட்டுன்னுதான் கணக்கு. வெஸ்ட்ரிக்கு நிக்கறதுக்கு வயசு, மெம்பர்ஷிப் விதியெல்லாம் டயோசிஸுக்கு டயோசிஸ் கொஞ்சம் மாறும், உங்க ரெக்டர்கிட்டக் கேட்டுக்கோங்க.

நோயாளிங்க வீட்டுக்குக் கொண்டுபோறதுன்னு சொன்னேன்ல. போன லெந்துல (தவக்காலத்துல) மகன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பாட்டி, இடுப்பு எலும்பு முறிஞ்சு படுத்தாங்க. சர்வீஸ் முடிஞ்ச கையோட ரெக்டரம்மா அந்தச் சின்னப் பெட்டிய என் கைல கொடுத்தாங்க, அப்பமும் ரசமும் உள்ள. போய் நின்னதும் பாட்டி என் பின்னாடி வாசலப் பாத்தாங்க, "ஐயர் வரலியா?" வரல பாட்டி, நான்தான் வந்திருக்கேன்னேன். "பொம்பளப் பிள்ள எப்படிம்மா ராப்போஜனம் கொடுப்ப"ன்னாங்க, முகமே சரியில்ல. மேடைல ஆசீர்வதிச்சது ரெக்டர்தான், நான் எடுத்துட்டு மட்டும்தான் வந்திருக்கேன்னு சொன்னேன், சமாதானம் ஆகல. சரி, ஜெபத்தையாவது சொல்லுவோம்னு ஊர்லருந்து கொண்டுவந்த என் பழைய தமிழ் ஜெபப் புத்தகத்த எடுத்துப் பாவ அறிக்கைய வாசிக்க ஆரம்பிச்சேன். ரெண்டாவது வரில பாட்டியும் சேந்துக்கிட்டாங்க. புடவைத் தலைப்ப இழுத்துத் தலைக்கு மூடிக்கிட்டு, இடது கை மேல வலது கைய வச்சு நீட்டினாங்க, கை முழுக்க ஊசி குத்தின நீலம். வாங்கிட்டுக் கண்ணத் தொடைச்சுக்கிட்டு "ஆறு மாசமாச்சு தமிழ்ல கேட்டு, நீ யாரு மவ, எந்தூரு"ன்னாங்க. எங்க ரெக்டரம்மா ரொம்ப நல்லவங்க, ஆனா அந்தப் பாட்டிக்கு அத அவங்களால கொடுக்க முடியாது. நம்மால மட்டும்தான் முடியும். அந்த லைசென்ஸ் எங்க கோவில்ல நம்ம ஜனத்துல எனக்கு ஒருத்திக்குத்தான் இருக்கு, வீட்டோட இருக்கிற தாத்தா பாட்டி இப்ப அஞ்சு பேர்.

இந்தச் சபையோட ஜெபப் புத்தகத்துல 855-ம் பக்கம் ஒரு கேள்வி இருக்கு, சபையின் ஊழியர்கள் யாருன்னு. பதில்ல பிஷப்பு, குரு, டீக்கன் எல்லாருக்கும் முன்னாடி முதல்ல வர்றது சபையார்தான். போய் எடுத்துப் பாருங்க, சிவப்பு அட்டை, உங்க பெஞ்சுக்கு முன்னாடி சொருகி வச்சிருக்கும்.

எங்க கோவில்காரங்களுக்கு மட்டும் கடைசியா. நாமினேஷன் ஃபார்ம் பாரிஷ் ஹால்ல கோட் மாட்டுற இடத்துக்குப் பக்கத்து போர்டுல இருக்கு, கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிறு வரைக்கும் எழுதலாம். இன்னிக்கு மத்தியானம் பாத்தேன், மூணு இடத்துக்கு ஒரு பேருதான் இருக்கு. நான் காஃபி ஹவர்ல கிச்சன்லதான் நிப்பேன், சந்தேகம் எதுவா இருந்தாலும் வந்து கேளுங்க, தமிழ்லயே கேளுங்க.

உங்க சகோதரி,
பின்னாலருந்து மூணாவது பெஞ்சு